குழந்தைகளுக்கான கைவினைப் பரிசுகள்

குழந்தைகளுக்கான கைவினைப் பரிசுகள் என்பவை, பிறந்த குழந்தைக்கும் ஏறத்தாழ 5 அகவை வரையுள்ள சிறுவருக்கும் உற்றாரும் அயலாரும் தம் கையால் செய்தோ, கைவினைஞரிடம் செய்வித்தோ கொடுக்கும் உடை, படுக்கை, அணி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழர் வழக்கில் துணி விரிப்பு, முடிச்சுச் சட்டை, தூளி, கிலுகிலுப்பை, துணிப் பொம்மை, மரப்பாச்சி, நடைவண்டி, சொப்பு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவை பெரும்பாலும் வீட்டில் உள்ள பழந்துணி, ஊரில் கிடைக்கும் ஓலை, மரம், களிமண் போன்றவற்றால் ஆனவை. குழந்தையின் வளர்ச்சிப் பருவத்துக்கு ஏற்பப் பரிசு மாறுவது இவ்வழக்கின் சிறப்பியல்பு ஆகும்.

இப்பொருள்களுள் பல இன்றைய குழந்தை மருத்துவ அறிவுக்கும் பொருந்துவன. சிலவற்றின் செய்பொருளையோ பயன்படுத்தும் முறையையோ மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. சிலவற்றை அறவே தவிர்ப்பது நல்லது. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கை, குறிப்பாகக் கொருக்குப்பேட்டை உள்ளிட்ட வடசென்னைப் பகுதியை முன்வைத்து இவற்றை விளக்குகின்றது.

வரலாறு

குழந்தைகளுக்கென்று பொருள் செய்து கொடுக்கும் வழக்கம் தமிழ் இலக்கியத்தில் மிகப் பழங்காலம் முதல் காணப்படுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் கையால் உருட்டும் மூன்று உருளைகள் உடைய சிறுதேர் குறிப்பிடப்படுகின்றது. அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும், தச்சர் செய்த விளையாட்டுத் தேரை உருட்டிக் களைத்த சிறுவரைப் பற்றிய குறிப்பு உண்டு. இன்று வழங்கும் நடைவண்டியும் மூன்று உருளைகள் கொண்டதே.

காப்பணியாகக் குழந்தைக்கு அணிவிக்கப்பட்ட ஐம்படைத் தாலியும் சங்க காலத்தைச் சேர்ந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையை வியந்து இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77-ஆம் பாடலில், அவன் தாலியை இன்னும் களையவில்லை என்ற செய்தி வருகின்றது. திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவம் பொறித்த இவ்வணி, யாழ்ப்பாணத்தில் பஞ்சாயுதம் என்னும் பெயரில் இன்றளவும் குழந்தைகளுக்கு அணிவிக்கப்படுகின்றது.

பெரியாழ்வார் திருமொழியின் தாலாட்டுப் பகுதியில், குழந்தைக் கண்ணனுக்குத் தேவர் ஒவ்வொருவரும் தொட்டில், அரையணி, கிண்கிணி எனப் பரிசு அனுப்பியதாகப் பாடப்பட்டுள்ளது. உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளுக்கு உரிமை பூண்டு கொண்டுவரும் தமிழர் சீர் வரிசையின் சாயலை இதில் காணலாம்.

பருவங்களும் பரிசுகளும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலாருக்கும் பொதுவானவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் இறுதியில் வரும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, ஊசல் முதலியன வரும். இறுதிப் பருவங்கள் பலவும் விளையாட்டுப் பொருள்களின் பெயராலேயே அமைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. வழக்கில் உள்ள பரிசுகளையும் இப்பருவ வரிசையோடு ஒட்டிப் பின்வருமாறு பகுக்கலாம்.

* பிறப்பு முதல் 3 மாதம் வரை: துணி விரிப்பு, முடிச்சுச் சட்டை, தூளி. இப்பருவத்தில் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் தேவையில்லை. உடலில் படும் துணியின் மென்மையே முதன்மையானது.
* 3 முதல் 6 மாதம் வரை: கிலுகிலுப்பை. ஓசை வரும் திசைக்குத் தலையைத் திருப்புதலும், கைக்கு எட்டியதைப் பற்றுதலும் நிகழும் பருவம் இது.
* 6 முதல் 12 மாதம் வரை: துணிப் பந்து, துணிப் பொம்மை. தவழும் குழந்தை எதையும் வாயில் வைத்தே அறியும். ஆதலால் பொருளின் அளவும் சாயமும் இங்குக் கருதத்தக்கவை.
* 1 முதல் 2 அகவை வரை: நடைவண்டி, இழுவைப் பொம்மை.
* 3 அகவைக்கு மேல்: சொப்பு, மரப்பாச்சி, ஓலைக் காற்றாடி, தீப்பெட்டித் தொடர்வண்டி.

பழந்துணியின் பயன்

தமிழ்நாட்டின் பல குடும்பங்களில் குழந்தை பிறக்கும் முன்னரே அதற்குப் புத்தாடை தைப்பதும் தொட்டில் வாங்குவதும் தவிர்க்கப்படுகின்றன. தீட்டுக் கழியும் வரை புத்தாடை உடுத்தாமையும் பல வீடுகளில் வழக்கம். இவை நம்பிக்கை சார்ந்தவை. ஆயினும் இதன் விளைவாகக் குழந்தையின் முதல் உடையும் படுக்கையும் பெரியோர் உடுத்திய பருத்திச் சேலை, வேட்டி ஆகியவற்றால் அமைகின்றன.

பலமுறை துவைத்த பருத்தித் துணிக்கு மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, நெசவின்போது ஏற்றிய கஞ்சியும் ஒட்டாத சாயமும் நீங்கியிருக்கும். இரண்டாவது, இழைகள் தளர்ந்து மென்மையாகி, ஈரத்தை விரைவில் உறிஞ்சும். மூன்றாவது, சாயம் போகுமா என்பது முன்னரே தெரிந்திருக்கும். புதுத்துணியைக் கொண்டு தைப்பதானால் அதனை இருமுறையேனும் துவைத்து உலர்த்திய பின்னர் வெட்டுதல் வேண்டும். பாலியெஸ்டர் கலந்த சேலை வியர்வையை உறிஞ்சாது. அது சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில் குழந்தைக்கு வேர்க்குரு உண்டாக்கும்.

வடசென்னையில்

வடசென்னையின் பழைய குடியிருப்புகள் பல துணித் தொழிலோடு தொடர்புடையவை. கிழக்கிந்தியக் கம்பனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை எனப் பெயர்பெற்றது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த சோசப் காலெட் திருவொற்றியூரை அடுத்து நெசவாளரைக் குடியேற்றிய ஊர், அவர் பெயரால் காலடிப்பேட்டை என வழங்குகின்றது. பெரம்பூரில் 1870களில் தொடங்கப்பட்ட பக்கிங்காம் ஆலையும் பின்னர்த் தோன்றிய கர்நாடிக் ஆலையும் 1996-இல் மூடப்படும் வரை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தன.

கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே, சென்னை சென்ட்ரலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகள் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. துறைமுகம், தொடர்வண்டிச் சரக்கு முனையங்கள், ஆலைகள் ஆகியவற்றில் பணிபுரிவோர் மிகுதியாக வாழும் பகுதி இது. அருகில் உள்ள பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை துணிக்கடைகளுக்கும் ஆயத்த ஆடைகளுக்கும் பெயர்பெற்றது. வெட்டுத்துணி எனப்படும் அளவு குறைந்த துண்டுகள் இத்தகைய கடைத்தெருக்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. குழந்தைச் சட்டைக்கு அரை மீட்டர் துணியே மிகுதி என்பதால் இத்துண்டுகள் போதுமானவை. தையல்கூடங்களில் எஞ்சும் சிறு துண்டுகள் துணிப் பொம்மைக்குள் திணிக்கப் பயன்படுகின்றன.

இப்பகுதி மக்களுக்குப் பல தலைமுறைகளாகப் பேறுகாலப் பணி ஆற்றிவரும் நிறுவனம், 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஆகும். மருத்துவமனையில் குழந்தையைப் பொதிந்து வாங்குவதற்குத் துவைத்து உலர்த்திய பருத்தித் துணிகளை உறவினர் கொண்டுசெல்வது வழக்கம். எளிய குடும்பங்களில் குழந்தைக்கு வாய்க்கும் முதற்பரிசு பெரும்பாலும் இத்துணியே.

தொழிற்பகுதியில் வாழ்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை இரண்டு. பட்டறைகளில் எந்திரங்களைத் துடைக்கப் பயன்படும் கழிவுத் துணியை, எவ்வளவு துவைத்தாலும், குழந்தைப் பொருளுக்குப் பயன்படுத்துதல் கூடாது. எண்ணெய், கரைப்பான் ஆகியவற்றின் எச்சம் துணியில் தங்கும். அவ்வாறே ஊர்தி, கப்பல், எந்திரம் ஆகியவற்றுக்குப் பூசி எஞ்சிய வண்ணத்தை மரப் பொம்மைக்குப் பூசுதலும் கூடாது. இதன் காரணம் கீழே தரப்பட்டுள்ளது.

செய்முறைகள்

துணி விரிப்பு

ஒரு பழைய பருத்திச் சேலையின் கிழிசல் இல்லாத பகுதியை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நேர் வெயிலில் உலர்த்த வேண்டும். அதனை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள நான்கு மடிப்புகளாக மடித்து, மடிப்புகள் நகராதவாறு நீண்ட இழையோட்டம் இட்டுக்கொள்ள வேண்டும். பின்னர் இரண்டு விரல் இடைவெளியில் நெடுக ஓட்டுத் தையல் போட்டு, விளிம்பை உள்மடித்துத் தைக்க வேண்டும். சரிகைக் கரையை முன்னரே வெட்டி நீக்குதல் வேண்டும். சரிகை தோலை உராயும். நான்கு மடிப்புக்கு மேற்பட்டால் உலர நீண்ட நேரமாகும். மழைக்காலத்துக்கென இரண்டு மடிப்பு விரிப்புகள் பலவற்றைத் தைப்பது நல்லது.

வங்காளத்தின் காந்தா என்னும் விரிப்பும் இம்முறையில் பழஞ்சேலை மடிப்புகளால் ஆனதே. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதனைத் தைப்பதும் உண்டு.

முடிச்சுச் சட்டை

பேச்சு வழக்கில் ஜபலா எனப்படும் இச்சட்டைக்குப் பொத்தான் கிடையாது. முன்புறத்திலோ பக்கவாட்டிலோ துணி நாடாவால் முடியப்படும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மார்புச் சுற்று ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கும். சட்டையின் சுற்றளவு 46 முதல் 50 செ.மீ. வரை வைத்தால் சில வாரங்கள் வரை பயன்படும். நீளம் 25 செ.மீ. போதும். தையல் ஓரங்கள் வெளிப்புறம் இருக்குமாறு தைப்பதால் அவை குழந்தையின் தோலில் படுவதில்லை. நாடாக்கள் குட்டையாகவும், இழுத்தால் பிய்யாதவாறு இரட்டைத் தையலுடனும் இருத்தல் வேண்டும். கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் நாடா வைத்தல் கூடாது.

பின்னல் நூலால் குல்லாய், காலுறை ஆகியவற்றைப் பின்னிக் கொடுப்பது பிற்காலத்து வழக்கம். ஊசிப் பின்னலும் சரிகைப் பின்னலும் கிறித்தவச் சமயப் பணியாளர் நடத்திய பெண்கள் பள்ளிகள் வழியாகத் தமிழகத்தில் பரவின. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல் பயிற்சி இவற்றுள் புகழ்பெற்றது. சென்னையின் தட்பவெப்பத்துக்குக் கம்பளி நூலைவிடப் பருத்தி நூலே ஏற்றது. உறங்கும் குழந்தைக்கு வீட்டினுள் குல்லாய் அணிவித்தல் உடல் வெப்பத்தை மிகுவிக்கும் என்பதால், பேறு நிகழ்ந்த முதல் நாள்களுக்குப் பின் அதனைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறுவர்.

தூளி

தூளி, ஏணை என்னும் பெயர்களால் வழங்கும் துணித் தொட்டில், ஒரு முழுச் சேலையின் இரு முனைகளையும் சேர்த்து உத்தரத்திலோ கொக்கியிலோ கட்டி அமைக்கப்படுவது. ஈழத்திலும் ஏணை என்ற சொல் வழக்கில் உள்ளது. துணியின் இரு பக்கமும் குழந்தையின் முகத்தில் படாதவாறு விரித்து வைக்க இடையே ஒரு கம்பு செருகப்படும். இதற்குத் தொட்டில் கம்பு என்று பெயர். கடைசல் வேலைப்பாட்டுடன் வண்ணம் தீட்டிய கம்பைப் பரிசாகக் கொடுப்பதும் உண்டு. ஒரே அறை கொண்ட வீட்டில் தரையை அடைக்காமல், எறும்பும் பூச்சியும் அண்டாமல், அடுப்பு வேலைக்கிடையே ஒரு கையால் ஆட்டக்கூடியதாக இருப்பது தூளியின் வசதி.

ஆயினும் தூளியின் வளைந்த அமைப்பில் குழந்தையின் தாடை மார்பில் சாய்ந்து மூச்சுக்குத் தடை உண்டாகலாம். முதல் சில மாதங்களில் இவ்விடர் மிகுதி. பெரிய பிள்ளைகள் தூளியை முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தில் இறுகி உயிரிழந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எனவே தூளியைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

* தூளியைத் தரைக்கு இயன்றவரை தாழ்வாகக் கட்டுதல்.
* பெரியவர் ஒருவர் அருகில் விழித்திருக்கும்போது மட்டும் பயன்படுத்துதல். இரவு முழுதும் அதில் உறங்கவிடாமை.
* குழந்தை தூங்கிய பின் சமதளமான படுக்கைக்கு மாற்றுதல்.
* பயன்படுத்தாத வேளையில் தூளியை அவிழ்த்தோ மேலே சுருட்டிக் கட்டியோ வைத்தல்.
* குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிடுதல்.

துணிப் பொம்மை

நெருக்கமான நெசவு உடைய பருத்தித் துணியில், பொம்மையின் வடிவத்தை இரண்டு படிகளாக வெட்டி, உட்புறம் வெளியே இருக்குமாறு தைத்து, ஒரு சிறு வாய் விட்டுத் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே துணித் துண்டுகளையோ இலவம்பஞ்சையோ திணித்து வாயை இரட்டைத் தையலால் அடைக்க வேண்டும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பகுதி இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்றது. இப்பஞ்சு இலேசானது, ஆனால் நுண்ணிய இழைகளாகப் பறப்பதால் தையலில் இடைவெளி இருத்தல் கூடாது. துவைத்துப் பயன்படுத்த வேண்டிய பொம்மைக்குத் துணித் துண்டுகளே ஏற்றவை.

கண், மூக்கு, வாய் ஆகியவற்றை நூலால் தைக்க வேண்டும். பொத்தான், மணி, சமிக்கி ஆகியவற்றை 3 அகவைக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் வைத்தல் கூடாது. செய்து முடித்த பின் பொம்மையின் ஒவ்வோர் உறுப்பையும் வலுவாக இழுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

கிலுகிலுப்பை

பனையின் குருத்தோலையை உலர்த்திச் சீரான பட்டைகளாகக் கிழித்து, உள்ளீடற்ற பெட்டி வடிவில் முடைந்து, உள்ளே சிறு கற்களையோ விதைகளையோ இட்டு, ஒரு கைப்பிடியோடு முடிப்பது ஓலைக் கிலுகிலுப்பை ஆகும். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் பனையோலைப் பொருள்கள் முடைவதைத் தொழிலாகக் கொண்டுள்ளனர்.

ஓலையின் பின்னல் தளர்ந்தால் உள்ளிருக்கும் பொருள் வெளிவரும். ஆதலால் ஓலைக் கிலுகிலுப்பையைப் பெரியவர் கையில் பிடித்து ஆட்டிக் காட்டுவதே முறை. குழந்தையின் கையில் விட்டு அகலுதல் தகாது. குன்றிமணியை உள்ளே இடுதல் கண்டிப்பாகக் கூடாது. அதிலுள்ள ஆப்ரின் என்னும் நஞ்சு, விதை உடைந்தோ மெல்லப்பட்டோ வயிற்றுக்குள் சென்றால் உயிருக்கு இடர் விளைவிக்கும். சாயம் தோய்த்த ஓலையின் நிறம் எச்சிலில் கரையும் என்பதால் சாயமிடாத ஓலையே சிறந்தது.

தீப்பெட்டித் தொடர்வண்டி

வெற்றுத் தீப்பெட்டிகளை நூலால் வரிசையாகக் கோத்து இழுத்து விளையாடும் தொடர்வண்டி, செலவின்றிச் செய்யத்தக்க பொருள். விம்கோ என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் ஆலை திருவொற்றியூரில் இருந்தது. அப்பகுதியும் தொடர்வண்டி நிலையமும் விம்கோ நகர் என்றே வழங்குகின்றன. தீக்குச்சி உரசும் பட்டையில் சிவப்புப் பாசுபரசு உள்ளதால், பெட்டியின் அப்பக்கங்களைக் காகிதம் ஒட்டி மூடிய பின்னரே குழந்தையிடம் தர வேண்டும். தீப்பெட்டி, மிதிவண்டி வால்வுக் குழாய் போன்ற எளிய பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்யும் முறையை நாடெங்கும் பரப்பிய அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

கைவினைஞர் செய்யும் பொருள்கள்

வீட்டில் செய்ய இயலாதவற்றைத் தச்சர், கடைசலர், குயவர் முதலியோரிடம் செய்வித்துக் கொடுப்பர்.

* நடைவண்டி: நிற்கக் கற்ற குழந்தை பற்றிக்கொண்டு தள்ளி நடக்கும் மூன்று உருளை மரவண்டி. இதனையும் குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் உருளை இருக்கையையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. பின்னதில் குழந்தை தன் கால் வலிமைக்கு மீறிய விரைவில் நகர்ந்து படிகளிலிருந்து விழும் இடர் இருப்பதால், கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. நடைவண்டியில் குழந்தை தன் காலில் தானே நிற்கின்றது. எனினும் அது கவிழாதவாறு அகலமான அடிப்பகுதி உடையதாயிருத்தல் வேண்டும். சமமான தரையில், பெரியவர் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டும்.
* மரப்பாச்சி: ஆணும் பெண்ணுமாக இணையாகச் செதுக்கப்படும் மரப்பொம்மை. செம்மரத்தில் செய்தது சிறப்பாகக் கருதப்படும். நவராத்திரிக் கொலுவில் இடம்பெறும் இப்பொம்மைகளுக்கு ஆடை தைத்து உடுத்துவதே பல பெண்களுக்குத் தையலின் முதற்பாடமாக அமைந்தது.
* சொப்பு: அடுப்பு, பானை, அம்மி, உரல் முதலியவற்றின் சிறுவடிவம். மரத்தில் கடைந்து அரக்குப் பூசியும், களிமண்ணில் வனைந்தும் செய்யப்படும். சிறு உறுப்புகள் பல உள்ளமையால் 3 அகவைக்கு மேற்பட்டோருக்கே உரியது.
* தலையாட்டிப் பொம்மை: தஞ்சாவூரில் செய்யப்படுவது. அடிப்பகுதி கனமாகவும் வளைவாகவும் இருப்பதால் எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். புவிசார் குறியீடு பெற்றது.
* சென்னப்பட்டணப் பொம்மை: கருநாடக மாநிலத்தைச் சேர்ந்தது. பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பூசுவர். இதுவும் புவிசார் குறியீடு பெற்றது.

தமிழ்நாட்டுக் கைவினைஞர்களின் பொருள்கள், 1973-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கிடைக்கின்றன.

சடங்குகளும் கொடுப்போரும்

இந்துக் குடும்பங்களில் தொட்டிலிடுதல், பெயர் சூட்டல், முடியிறக்கல், காதுகுத்தல் ஆகிய நிகழ்ச்சிகளில் பரிசுகள் வழங்கப்படுகின்றன. தொட்டிலும் காதணியும் தாய்மாமன் உரிமை. அத்தை சட்டையும் வளையலும் கொண்டுவருதல் பல சமூகங்களில் மரபு. கிறித்தவக் குடும்பங்களில் ஞானப்பெற்றோர் திருமுழுக்குக்குரிய வெள்ளை உடையைக் கொடுப்பர். இசுலாமியக் குடும்பங்களில் 40-ஆம் நாளையொட்டிக் குழந்தைக்கும் தாய்க்கும் ஆடை வழங்கும் வழக்கம் உண்டு. மூன்று சமயத்தாரும் அருகருகே வாழும் வடசென்னைத் தெருக்களில் அயலார் பரிசு கொடுப்பதற்குச் சமய வேறுபாடு தடையாவதில்லை.

தவிர்க்கத்தக்கவை

அன்பின் பொருட்டுக் கொடுக்கப்படும் சில மரபுப் பொருள்கள் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை.

* வசம்பு வளையல்: பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பைத் துண்டாக்கிக் கோத்துக் கையில் கட்டுவர். குழந்தை அதனைச் சப்பும். வசம்பில் உள்ள ஆசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்காய்வுகளில் புற்று உண்டாக்கியதால், ஐக்கிய அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. நூல் அறுந்தால் துண்டுகள் தொண்டையில் அடைக்கவும் கூடும்.
* கண்மை: கடைகளில் விற்கும் சில மைகளிலும் சுருமாக்களிலும் ஈயம் கலந்துள்ளமை ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. வீட்டில் செய்ததாயினும் கண்ணுக்குள் இடுதலை மருத்துவர் ஏற்பதில்லை.
* கடுகுத் தலையணை: தலை உருண்டையாக அமையும் என்று கொடுக்கப்படுவது. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. தையல் பிரிந்தால் கடுகு மூக்கிலும் வாயிலும் புகும்.
* மணி கோத்த கழுத்துக் கயிறு, இறுக்கமான அரைஞாண்: கழுத்துக் கயிறு எதிலேனும் சிக்கி இறுகலாம். அரைஞாண் கட்டுவதானால் குழந்தை வளர வளரத் தளர்த்துதல் வேண்டும்.

பாதுகாப்பு நெறிகள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, ஓராண்டுக்குட்பட்ட குழந்தையை உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாந்து படுக்கவைத்தல் வேண்டும். உறங்குமிடத்தில் தலையணை, தளர்ந்த போர்வை, மென்பொம்மை ஆகியன இருத்தல் கூடாது. ஆகவே கையால் செய்த பொம்மையும் மெத்தென்ற விரிப்பும் குழந்தை விழித்திருக்கும்போது பயன்படுத்துவதற்கே உரியவை.

3 அகவைக்குட்பட்ட குழந்தைக்கான பொருளின் எந்தப் பகுதியும் தொண்டையில் அடைக்கும் அளவினதாக இருத்தல் கூடாது. இதனைச் சோதிக்கப் பன்னாட்டுத் தரமுறைகளில் 31.7 மி.மீ. உள்விட்டம் உடைய ஓர் உருளை பயன்படுத்தப்படுகின்றது. அவ்வுருளைக்குள் முழுதாக அடங்கும் எப்பொருளும் இடருடையது. வீட்டில் இதே விட்டமுள்ள காகிதக் குழாய் ஒன்றைச் செய்து சோதித்துக்கொள்ளலாம். இழுவைப் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேற்படாமல் இருத்தல் நலம்.

சட்டமும் தரக் கட்டுப்பாடும்

இந்தியாவில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 அகவைக்குட்பட்டோருக்கான பொம்மைகள் இந்தியத் தர அமைவனத்தின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். கைவினை மேம்பாட்டு ஆணையரகத்தில் பதிவுபெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு தொழிலைக் காப்பதற்கானது. பொருளின் பாதுகாப்பை ஆராயும் பொறுப்பு வாங்குவோரிடம் எஞ்சியுள்ளது.

வீட்டு உபயோக மற்றும் அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்னும் விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிலகப் பயன்பாட்டுக்கான வண்ணப்பூச்சுகள் இவ்விதிக்கு உட்பட்டவை அல்ல. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. எஞ்சிய தொழிலக வண்ணத்தைப் பொம்மைக்குப் பூசக்கூடாது என்பதன் காரணம் இதுவே. மரப் பொம்மையை வண்ணமின்றி, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கித் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுப்பது எளிய வழி.

அரசு வழங்கும் பரிசுப் பெட்டகங்கள்

பின்லாந்து நாட்டில் 1938 முதல் எளிய தாய்மாருக்கு அரசு பேறுகாலப் பெட்டி வழங்கத் தொடங்கியது. 1949 முதல் இது அனைத்துத் தாய்மாருக்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தை ஆடைகளைத் தாயே தைப்பது வழக்கமாக இருந்தமையால், தொடக்க காலப் பெட்டிகளில் தைத்த உடைகளுக்குப் பதிலாகத் துணியே வைக்கப்பட்டது. பெட்டகத்தைப் பெறுவதற்குத் தாய் குறித்த காலத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு வரவேண்டும் என்ற விதி, குழந்தை இறப்பைக் குறைக்க உதவிய காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

தமிழ்நாட்டில், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், வழலை முதலியவற்றோடு கிலுகிலுப்பையும் அதில் இடம்பெற்றது. மருத்துவமனையில் பேறு நிகழ்வதையும் கைகழுவும் பழக்கத்தையும் ஊக்குவிப்பது இதன் நோக்கம்.

இவற்றையும் பார்க்க

* தூளி
* நடைவண்டி
* மரப்பாச்சி
* பிள்ளைத்தமிழ்
* ஐம்படைத் தாலி
* தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை
* கொருக்குப்பேட்டை